எழுத்து மேசை: நாளுக்கொரு தூண்டல் – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்குத் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விடயத்தைச் சுற்றியவை: தினமும் ஒரு சிறு குறிப்பை, அதாவது ஒரு தூண்டலை, எடுத்துவைத்து எழுதும் பழக்கம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, கடிதங்களைச் சுருக்கி இங்கே தருகிறோம். பதில்கள் எங்கள் சிறுகதைப் பட்டறைக் குழுவினுடையவை.

எங்கள் வட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு சொல் வரும். ‘மழை’, ‘தனிமை’, ‘பிரிவு’, ‘நிலவு’ என்று. அதை வைத்து எல்லாரும் எழுத வேண்டும். முதல் கிழமை நன்றாகப் போனது. இப்போது யார் எழுதியதை வாசித்தாலும் பள்ளிக்கூடக் கட்டுரை போலத்தான் இருக்கிறது. குறை எங்களிடமா, சொல்லிடமா?
– வங்கி ஊழியர், உப்புவெளி

பெரும்பகுதி சொல்லிடம்தான். ‘மழை’ என்றதும் மனம் நேரே போய் நிற்பது, மழையைப் பற்றி ஏற்கெனவே வாசித்த வரிகளில். மண்வாசனை, காகிதக் கப்பல், யன்னலோரம், சூடான தேத்தண்ணி. பத்துப் பேருக்கும் அதே நாலு சாமான்தான் கிடைக்கும். ‘தனிமை’, ‘பிரிவு’ என்பவை இன்னும் மோசம். அவை கதையை வாசித்து முடித்தவருக்கு வரவேண்டிய உணர்ச்சிகள். அதை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டால், எழுதுபவர் அதையே திருப்பித் திருப்பிச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

கதைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு இப்போதே முடித்தாக வேண்டிய ஒரு வேலை, அதை முடிக்கவிடாத ஒரு தடை, கையை நெருக்கும் ஒரு நேரம், இவ்வளவும் வேண்டும். ஒற்றைச் சொல்லில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆகவே சொல்லைத் தூக்கி எறியாமல், அந்தச் சொல்லால் யாருக்கு நட்டம் என்று கேளுங்கள். மழையால் யாருக்கு நட்டம்? கருவாடு போடுகிற ஒருத்திக்கு. இனி இப்படி எழுதலாம்:

‘நவம்பர் மாதம். பாயில் விரித்த நெத்தலி மூன்று நாளாகக் காயவில்லை. நாளை விடிய வியாபாரி வருகிறான். முற்பணத்தை அவள் வாங்கிச் செலவழித்தும் விட்டாள்.’

இதில் மழை என்ற சொல்லே இல்லை, ஆனால் மழை எல்லா இடத்திலும் இருக்கிறது. இப்போது ‘இவள் அடுத்து என்ன செய்வாள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஈரத்தை அடியில் போட்டுக் காய்ந்ததை மேலே பரப்பலாம். பக்கத்து வீட்டில் கடன் கேட்கலாம். வியாபாரி வரும்போது வீட்டில் இல்லாமல் போகலாம். உண்மையைச் சொல்லலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை. ஒரு தூண்டல் தேறுமா தேறாதா என்பதற்கு எங்கள் சோதனை இதுதான்: அந்தக் கேள்விக்குக் குறைந்தது இரண்டு விடை வரவேண்டும். ஒன்றுமே வராவிட்டால் கட்டுரைதான் வரும். ஒன்று மட்டும் வந்தால் வெறும் சம்பவம் வரும்.

மறுபக்கத்துப் பிழையும் உண்டு. காணாமற்போன கணவன், இரட்டைச் சகோதரிகள், பூட்டிய பெட்டி, அதற்குள் ஒரு உயில் என்று நாலு கதைக்கான சரக்கை ஒரே தூண்டலில் அடைத்துவிடுவது. அப்போது எழுதுபவர் வெற்றிடம் நிரப்புகிற வேலைதான் செய்வார். பதினைந்து முதல் இருபத்தைந்து சொல் காணும். காரணத்தையும் முடிவையும் தூண்டலுக்குள் வைக்காதீர்கள். குழுவில் ஆளுக்கொரு நாள் என்று முறைவைத்து, அன்றைய பொறுப்பாளர் முதல்நாள் இரவே எழுதிவைத்தால், காலையில் கைக்கு வந்த சொல்லை அவசரத்தில் போட்டுவிடுவது குறையும்.

கடை பூட்டி வீட்டுக்கு வந்தால் மிஞ்சுவது பதினைந்து நிமிடம். அதற்குள் உருப்படியாக ஏதும் எழுத முடியுமா?
– புடைவைக் கடை ஊழியர், கிண்ணியா

முடியும். ஒரு மணி நேரம் கிடைப்பவர்களில் பலர் முதல் வரியைத் திருத்தியே அதைக் கரைத்துவிடுகிறார்கள்.

முதல் 2 நிமிடம் பேனையைத் தொடாதீர்கள். தூண்டலை வாசித்தவுடன் வருகிற எண்ணம் எல்லாருக்கும் வருவது, அதை விடுங்கள். இரண்டாவதையும் விடுங்கள். மூன்றாவதை எடுங்கள். அந்த ஆளுக்கு ஒரு பெயர், ஒரு வயது, கையில் ஒரு பொருள் வையுங்கள். கையிலுள்ள பொருள் முக்கியம். கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நிற்கிறவளை வைத்துக்கொண்டு ‘வாழ்க்கை ஒரு பயணம்’ என்று எழுத யாருக்கும் மனம் வராது.

அடுத்த 10 நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். வெட்டவேண்டாம், திரும்பி வாசிக்கவேண்டாம். எழுத்துப்பிழை அப்படியே கிடக்கட்டும். தடைப்பட்டால் இரண்டாவது ஆள் ஒருவரை உள்ளே விட்டு அவரை எதையாவது கேட்கவையுங்கள். பெரும்பாலும் பேனை தானாக நகரும். கடைசி 3 நிமிடத்தில் எழுதியதை ஒருதரம் வாசித்து, நீங்களே எதிர்பாராமல் வந்து விழுந்த ஒரு வரியின் கீழ் கோடு போடுங்கள். ஓரத்தில் அந்த ஆளைப் பற்றி உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியையும் திகதியையும் குறியுங்கள். வேலை முடிந்தது.

கையால் எழுதினால் பத்து நிமிடத்தில் 100 முதல் 150 சொல் வரும். 60க்குக் கீழே போனால் எழுதும்போதே திருத்துகிறீர்கள் என்று அர்த்தம். 200ஐத் தாண்டினால் அதில் பாதி காற்றும் வெயிலுமாக இருக்கிறதா என்று பாருங்கள். 80 பக்கக் கொப்பியில் வலப்பக்கம் மட்டும் எழுதி இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அது பிறகு தேவைப்படும். போனில்தான் எழுதுவீர்கள் என்றால் விசைப்பலகையின் சொற்பரிந்துரையை நிறுத்திவிடுங்கள். ‘கண்களில்’ என்று அடித்தவுடன் அது ‘கண்ணீர்’ என்று நீட்டும். பலரும் பலதரம் எழுதியதைத்தான் அது நீட்டும், நீங்கள் தப்பி ஓட வேண்டியதும் அதிலிருந்துதான்.

எதை எடுத்தாலும் கோணேசர் கோயில், மான், கடல் என்று முடிகிறது. ‘சுற்றுலாக் கைந்நூல் வாசித்த மாதிரி இருக்கிறது’ என்கிறாள் தோழி. சொந்த ஊரை எழுதாமல் விடுவதா?
– வாசகி, திருகோணமலை நகர்

விடவேண்டாம். ஊரை வேலைக்கு விடுங்கள்.

மானை எடுப்போம். கோட்டை வாசலில் நிற்கும் புள்ளிமான் படத்துக்கு நல்லது. கதைக்கு உதவுவது நகரத்துக்குள் இறங்கி, குப்பைக்குள் லஞ்ச் ஷீற்றை இழுத்து மெல்லுகிற மான்தான். அதால் யாருக்கு இடைஞ்சல், யாருக்குப் பொறுப்பு? ‘மரக்கறிக் கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டும் நேரம். உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால் ஒரு மான்குட்டி. தாய் வீதிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அவருக்குக் கடைசி பஸ் ஒன்பது மணிக்கு.’ மானின் அழகைப் பற்றி ஒரு வரியும் எழுதத் தேவையில்லை, நேரமும் இராது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இன்னும் நல்ல உதாரணம். சின்னச் சதுரக் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. யாரும் உள்ளே இறங்குவதில்லை, வாளியால் அள்ளித்தான் ஊற்றிக்கொள்வார்கள். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்ற ஐதீகத்தால், இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கும் சனம் அங்கே வருகிறது. இந்த விபரங்களை ஒரு பந்தியாக எழுதினால் கைந்நூல்தான். ஓர் ஆளின் கையில் கொடுத்தால்: ‘தாயின் அந்தியேட்டிக்கு வந்த அண்ணனும் தம்பியும். நாலு வருடமாகப் பேச்சில்லை. இரண்டு பேரும் குளிக்கவேண்டும். இருப்பது ஒரு வாளி.’ யார் முதலில் அள்ளுவது, யார் யாருக்கு ஊற்றுவது, எந்தக் கிணற்றுச் சூடு தாங்கும் என்று அம்மா சின்னவயதில் சொன்னது யாருக்கு நினைவிருக்கிறது? வாளியை இடம் கொடுத்தது, கடமையைக் கிரியை கொடுத்தது. இதே கதையை வீட்டுக் குழாயடிக்கு மாற்றிப் பாருங்கள், உடைந்துவிடும். அப்படி உடைந்தால்தான் ஊர் கதைக்குள் வந்திருக்கிறது. கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தூக்கிவைத்தாலும் ஒன்றும் ஆகாத கதையில் ஊர் வெறும் திரைச்சீலை.

கரைவலையும் இப்படித்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கும்போது ஒருவன் நினைத்தபடி விட்டுவிட்டுப் போக முடியாது. வலைக்குச் சொந்தக்காரர்தான் சம்மாட்டி. ‘வலை இன்னும் கடலில். கயிற்றில் நிற்கிறவனின் மகள் சீருடையோடு கரையால் ஓடிவருகிறாள். சம்மாட்டி பார்த்துக்கொண்டு நிற்கிறார்.’ இதில் அடிக்கடி வரும் பிழை ஒன்று: டிசம்பரில் கரைவலை இழுப்பது. வடகீழ்ப் பருவக்காற்றில் இந்தக் கரை கொந்தளிக்கும் காலம் அது. வாடையில் நடக்கிற கதையையும், வெக்கையாகக் கச்சான் வீசுகிற ஜூன், ஜூலையில் நடக்கிற கதையையும் குழப்பினால் உள்ளூர் வாசகர் இரண்டாம் பந்தியிலேயே உங்களை நம்பாமல் விட்டுவிடுவார்.

தூண்டல் தேட மலைக்கு ஏறத் தேவையில்லை. பத்திரிகையின் மரண அறிவித்தலை வாசியுங்கள்: பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் கனடா, பிரான்ஸ், நிலாவெளி என்று அடைப்புக்குள் ஊர்கள் இருக்கும். நிலாவெளியில் இருக்கிற அந்த ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். பெயர், ஊர், தொழில் மூன்றையும் மாற்றிவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுப்புக் கிடையாது.

1942 குண்டுவீச்சு, 2004 கடல்கோள் போன்றவற்றைத் தூண்டலாக வைக்கலாமா? எங்கள் வாசகர் வட்டத்தில் வைத்தோம். எல்லாரும் செய்தி அறிக்கை எழுதினார்கள்.
– ஓய்வுபெற்ற அதிபர், சாம்பல்தீவு

வைக்கலாம், ஆனால் நிகழ்வை வைக்காதீர்கள். அதன் ஓரத்தில் ஒரு மணி நேரத்தை வையுங்கள். பெரிய நிகழ்வு முன்னால் நின்றால் ஆள் அதற்குப் பின்னால் மறைந்துபோவார். அதோடு முடிவு எல்லாருக்கும் தெரிந்தது. அந்த நாளில் அந்த ஆளுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கவலை இருக்கவேண்டும், அலைக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லாத கவலை.

பிறகு நாட்காட்டியைச் சரிபாருங்கள். யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கிய 1942 ஏப்ரல் 9 ஒரு வியாழக்கிழமை, நேரம் காலை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அதோடு பௌர்ணமி விடுமுறையான போயா தினம். உங்கள் பாத்திரம் அன்று காலை கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வேலைக்குப் போக முடியாது, இறைச்சிக் கடையில் நிற்கவும் முடியாது. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முந்திய கதையில் ஆட்களும் வாகனங்களும் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில்தான் கடக்கவேண்டும். இந்தத் தடை எழுதுபவருக்கு வரம்: ‘கலியாணச் சாப்பாட்டுச் சட்டிகள் இக்கரையில், மாப்பிள்ளை வீடு அக்கரையில், பாதை நடுவில் நிற்கிறது.’

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1996இல் முன்னுக்குத் தள்ளிய இலங்கை நேரம், 2006 ஏப்ரலில்தான் பழையபடி கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்துக்கு வந்தது. இடையில் பெரும்பாலான காலம் கடிகாரம் இன்றையதைவிட அரை மணி முன்னால் ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். ஆகவே அந்தக் காலத்தில் நகரத்தில் ஒரு நேரம், சம்பூர்ப் பக்கம் இன்னொரு நேரம். ஒரு செத்தவீட்டுக்கு ‘பத்து மணிக்கு எடுக்கிறோம்’ என்று சொல்லியனுப்பினால், யாருடைய பத்து மணி? இதைவிட நல்ல தூண்டலைப் புத்தகங்களில் தேடத் தேவையில்லை.

கடல்கோளிலும் போரிலும் ஆட்களை இழந்தவர்கள் வட்டத்தில் இருப்பார்கள். அன்றைக்கு இரண்டாவது தூண்டல் ஒன்றையும் சேர்த்தே வையுங்கள். எதை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று யாரையும் கேட்கவேண்டாம்.

கொப்பி நிறையத் துண்டுகள் இருக்கின்றன. ஒன்றும் கதையாகவில்லை. எங்கே பிழைக்கிறேன்?
– இல்லத்தரசி, மூதூர்

பிழை எழுதுவதில் இல்லை, திரும்பி வாசிக்காததில் இருக்கிறது. தினசரி எழுதுவது சரக்குச் சேர்ப்பது மட்டும். கதை பிறப்பது கிழமைக்கு ஒருநாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பொறுக்கும்போது. ஏழு துண்டில் ஒன்று தேறினால் நல்ல கிழமை. ஒன்றும் தேறாத கிழமையும் வரும்.

பொறுக்கும் முறை: கோடிட்ட வரிகளை மட்டும் வாசியுங்கள். துண்டுகளை மூன்றாகப் பிரியுங்கள். ஏதோ ஒன்றை வேண்டி நிற்கிற ஆள் இருப்பவை, சூழல் மட்டும் இருப்பவை, நல்ல வரி மட்டும் இருப்பவை. முதலாவது வகையில்தான் கதை இருக்கிறது. மற்ற இரண்டும் அதற்குத் தீனி. முதல் வகையில் ஒன்று, மற்றவற்றில் ஒன்று என இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு துண்டை மட்டும் இழுத்து நீட்டினால் அது மெலிந்துகொண்டே போகும். தொடர்பில்லாத இரண்டு உரசும்போதுதான் நிகழ்ச்சி உண்டாகிறது.

நேரே செய்து பார்ப்போம். ஒரு துண்டு: மூதூரிலிருந்து நகரத்துக்குப் போகும் லோஞ்சில் ஒருத்தி, மடியில் போர்வையால் சுற்றிய தையல் மெஷின் தலை. இன்னொரு துண்டு, வேறு நாளில் எழுதியது: தைக்கக் கொடுத்த சட்டைத்துணி எங்கே என்று தெருவில் மறித்துக் கேட்கிற அயல்வீட்டுக்காரி. முதலாவதில் ஆள் இருக்கிறது, ஆனால் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். அயல்வீட்டுக்காரியைத் தூக்கி அதே லோஞ்சில், பக்கத்து இருக்கையில் வையுங்கள். உடனே தையற்காரிக்கு ஒரு வேலை வந்துவிட்டது. மெஷினை விற்கப் போகிறேன் என்று இவளுக்குத் தெரியக்கூடாது. லோஞ்ச் கரைசேரும்வரைதான் நேரம். எழுந்து போக இடமில்லை.

இனி, முடிவுக் காட்சியை முதலில் எழுதுங்கள், 150 சொல்லில். இங்கே அது இறங்குதுறை. மெஷின் தலை பாரம், லோஞ்ச் ஆடுகிறது, ஏறி இறங்க இன்னொரு கை வேண்டும், பக்கத்தில் நிற்பவள் அவள் ஒருத்திதான். கேட்பாளா, கேட்கமாட்டாளா என்பதைத் தீர்மானித்துவிட்டால், அதற்கு முன்னால் என்னென்ன கதைக்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். முடிவுக்கு எவ்வளவு கிட்டத் தொடங்கலாமோ அவ்வளவு கிட்டத் தொடங்குங்கள். கணவனின் கடன், மெஷின் வாங்கிய வரலாறு எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் கொட்டவேண்டாம். பேச்சுக்கிடையில் ஒவ்வொரு வரியாகக் கசியட்டும். இரண்டு ஆள், ஓர் இடம், ஒரு பயணம். 900 முதல் 1,200 சொல்லுக்குள் அடங்கும்.

மூன்று தடவை உட்கார்ந்து எழுதி, இரண்டு நாள் மூடிவைத்து, பிறகு சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். கடைசியாக, தூண்டல் வரி எங்கேயாவது அப்படியே கிடக்கிறதா என்று தேடுங்கள். அநேகமாக முதல் பந்தியில் கிடக்கும். வீடு எழும்பியபின் சாரத்தைக் கழற்றுவதுபோல அதைக் கழற்றிவிடுங்கள். பல கதைகளுக்கு முதல் பந்தி முழுவதும் போனாலும் நட்டமில்லை. இடப்பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னது இதற்குத்தான், திருத்திய பந்தியை அங்கே எழுதலாம்.

பத்தாம், பதினொராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எழுத ஒரு பாடவேளை, 40 நிமிடம் தந்திருக்கிறார்கள். எப்படி நடத்துவது?
– தமிழாசிரியை, தம்பலகாமம்

மூன்று பால்மா டின் எடுங்கள். ஒன்றில் ஆட்கள், ஒன்றில் இடங்கள், ஒன்றில் வேலைகள். ஒவ்வொன்றிலும் 30 துண்டு. பிள்ளைகளே எழுதட்டும். மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்தால் 27,000 சேர்க்கை வரும், அவர்கள் பள்ளியை விட்டுப் போகும்வரை தீராது. ஆட்கள் டின்னில் பெயர் வேண்டாம், வயதும் தொழிலும்: ‘62 வயது, வயற்காவல்’. வேலை டின்னில் வினைச்சொல் இருந்தே ஆகவேண்டும்: ‘கடன் வாங்கிய சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்’. ‘மகிழ்ச்சி’ என்று எழுதிப் போடுகிற பிள்ளை ஒன்றாவது இருக்கும், அதை மெதுவாக எடுத்துவிடுங்கள்.

எடுக்க 5 நிமிடம், எழுத 12, நாலு நாலு பேராக வாசிக்க 15, கோடுபோட்டுக் குறிக்க 8. வகுப்பு முழுவதற்கும் ஒவ்வொருவராக வாசிக்கவிட்டால் நேரம் போதாது, கூச்சமுள்ளவர்கள் அடுத்த முறை எழுதவும் மாட்டார்கள். இந்த 40 நிமிடத்தில் சிவப்புப் பேனை வேண்டாம். தடை மூன்று மட்டும் போடுங்கள்: யாரும் சாகக்கூடாது, ‘எல்லாம் கனவு’ கூடாது, கடைசி வரியில் புத்திமதி கூடாது. முதல் நாள் திணறுவார்கள். அந்த மூன்று வாசலும் அடைபட்டபின்தான் பாத்திரம் எதையாவது செய்யத் தொடங்கும்.

உரையாடலைப் பேச்சுத்தமிழில் எழுதினால் வெளியூர் வாசகருக்கு விளங்குமா?
– கல்லூரி மாணவர், நிலாவெளி

விளங்கும். சிக்கல் விளங்காமையில் இல்லை, எல்லாப் பாத்திரமும் ஒரே வாயால் பேசுவதில்தான். எங்கள் மாவட்டத்தில் ஒரே பஸ்ஸில் அப்பாவும் இருப்பார், வாப்பாவும் இருப்பார், அக்காவும் ராத்தாவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். முறைச்சொல் ஒன்றைச் சரியாக வைத்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும், விளக்கம் எழுத வேண்டாம். சிங்களம் பேசுகிறவரைக் காட்ட நடத்துநர் ‘இஸ்ஸரஹாட்ட’ என்று கத்தினால் காணும், சனம் முன்னுக்கு நகர்வதை அடுத்த வரியில் எழுதினால் பொருளும் வந்துவிட்டது. எழுத்து வடிவத்தை மட்டும் ஒரே மாதிரி வைத்திருங்கள். ஓரிடத்தில் ‘போறன்’, இன்னோரிடத்தில் ‘போறேன்’ என்று அதே ஆள் பேசக்கூடாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தூண்டல் கேட்கலாமா?
– கணினி ஆசிரியர், சேருவில

கேட்கலாம். வெறுமனே ‘கதைக்கு ஒரு தூண்டல் தா’ என்றால் பழைய கடிதம், பூட்டிய அறை, மர்மமான அந்நியன் என்று வரும். ஆளின் வேலை, மாதம், இடம் மூன்றையும் நீங்கள் கொடுத்து, தடையை மட்டும் இருபது விதமாகத் தரச் சொல்லுங்கள். முதல் பத்தைத் தள்ளிவிட்டு மீதியைப் பாருங்கள். பாதை, சம்மாட்டி போன்ற சொற்களை அது தவறாக விளங்கிக்கொள்ளக்கூடும், ஊர் விபரத்தை அதனிடம் கேட்டு நம்பாதீர்கள். கதையை எழுதித்தரச் சொன்னால் பயிற்சி அதற்குத்தான் போகும்.

இடையில் நாலு நாள் விட்டுப்போனால் சேர்த்து எழுதவேண்டுமா?
– தாதி, கந்தளாய்

வேண்டாம். விட்ட நாள் விட்டதுதான். இன்றைய திகதியைப் போட்டு இன்றையதை எழுதுங்கள். கடன் சேர்த்து அடைக்கப் புறப்பட்டவர்கள்தான் கொப்பியையே மூடிவிடுகிறார்கள்.

குழுவில் தந்த ஒரே தூண்டலில் நானும் இன்னொருவரும் எழுதினோம். அவர் முகநூலிலும் போட்டுவிட்டார். நான் என் கதையைப் போட்டிக்கு அனுப்பினால் திருட்டு ஆகுமா?
– வாசகர், குச்சவெளி

ஆகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்பது எழுதிய வடிவத்தை. வெறும் எண்ணத்துக்கு அதில் பாதுகாப்பு இல்லை. ஒரே தூண்டலில் இரண்டு பேர் தனித்தனியாக எழுதியவை இரண்டு படைப்புகள். அவருடைய வரிகளோ, அவர் கட்டிய சம்பவ ஒழுங்கோ உங்கள் கதைக்குள் வந்திருக்கிறதா என்பதை மட்டும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியவர் அவர். பல போட்டிகள் ‘வேறெங்கும் பிரசுரமாகாத கதை’ என்று கேட்கின்றன, முகநூலில் முழுமையாகப் போட்டதையும் பிரசுரமாகவே எடுப்பார்கள். அனுப்பும் எண்ணமுள்ள கதையின் முதல் நாலு வரியை மட்டும் குழுவில் பகிருங்கள். விதிமுறையில் சொல் எல்லை 1,000 என்றிருந்தால் 1,000தான், 1,040 அல்ல. பெயரைக் கதையின் பக்கத்தில் எழுதாமல் தனித்தாளில் கேட்டிருந்தால் தனித்தாளிலேயே எழுதுங்கள்.